கர்ப்பத்தில் ஏறும் ரத்த அழுத்தமும் ஓர் ஆக்சிஜன் அணுவும்

கர்ப்பத்தைத் தாங்கும் ஹார்மோனான புரோஜெஸ்டிரோன் ரத்த அழுத்தத்தைக் கூட்டுமா, குறைக்குமா? இரண்டு விதமாகவும் செய்திகள் வருகின்றன. கருத்தடை மாத்திரையால் அழுத்தம் ஏறியது என்று ஒரு செய்தி. கர்ப்பத்தின் நடு மாதங்களில் அழுத்தம் இயல்பாகவே இறங்கும் என்று இன்னொன்று. ஒரு குறிப்பிட்ட மரபணு மாற்றம் உள்ள பெண்களுக்குக் கர்ப்பத்தில் அழுத்தம் அபாயகரமாக ஏறும் என்று மூன்றாவது. மூன்றும் உண்மை. இவை ஏன் ஒன்றோடொன்று முரண்படவில்லை என்பதைப் புரிந்துகொள்ள, யேல் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மரபியலாளர் ரிச்சர்ட் லிஃப்டனின் குழு 2000-ஆம் ஆண்டு வெளியிட்ட ஓர் ஆய்வு நல்ல வழி. டேவிட் கெல்லர் அதன் முதல் ஆசிரியர். அந்த ஆய்வுக்குப் போகுமுன் சிறுநீரகம் உப்பை எப்படிக் கையாளுகிறது என்று பார்த்துவிட வேண்டும்.

## உப்பின் கணக்கு

நம் சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு ஏறக்குறைய 170 முதல் 180 லிட்டர் பிளாஸ்மாவை வடிகட்டுகின்றன. அதில் உள்ள சோடியத்தைச் சமையல் உப்பாகக் கணக்கிட்டால் ஒன்றரைக் கிலோ வரும். அதில் 99 சதவீதத்துக்கு மேல் திரும்ப உறிஞ்சப்பட்டுவிடுகிறது. பெரும்பகுதியைச் சிறுநீரக நுண்குழாயின் முன்பகுதிகளே உறிஞ்சிவிடும். கடைசிப் பகுதிக்கு மிஞ்சுவது சில சதவீதம்தான். ஆனால் ஒன்றரைக் கிலோவில் 2 சதவீதம் என்பதே 30 கிராம் உப்பு. அதில் எவ்வளவு உடம்பில் தங்கும், எவ்வளவு சிறுநீரில் போகும் என்பதை ஹார்மோன்கள் தீர்மானிக்கின்றன. ரத்த அழுத்தத்தின் நீண்டகால அளவை நிர்ணயிப்பதில் இந்தக் கடைசிப் பகுதிக்குப் பெரும் பங்கு உண்டு.

அங்கே நடப்பது இது:

1. ரத்தத்தின் கன அளவோ அழுத்தமோ குறைந்தால் சிறுநீரகம் ரெனின் என்ற நொதியை வெளியிடும்.
2. கல்லீரல் சுரக்கும் ஆஞ்சியோடென்சினோஜன் என்ற புரதத்தை ரெனின் வெட்டும். அந்தத் துண்டு மேலும் வெட்டப்பட்டு ஆஞ்சியோடென்சின்-2 ஆகும்.
3. ஆஞ்சியோடென்சின்-2 ரத்தக் குழாய்களைச் சுருக்கும். அட்ரினல் சுரப்பியின் வெளியடுக்கைத் தூண்டி ஆல்டோஸ்டிரோனைச் சுரக்க வைக்கும்.
4. ஆல்டோஸ்டிரோன் நுண்குழாய்ச் செல்லுக்குள் நுழைந்து மினரலோகார்டிகாய்டு ஏற்பி என்ற புரதத்தில் அமரும். (இனி இதை ‘உப்பு ஏற்பி’ என்றே குறிப்பிடுகிறேன்.) ஏற்பி செல்லின் உட்கருவுக்குள் போய்ச் சில மரபணுக்களை இயக்கும்.
5. அதனால் செல்லின் சுவரில் சோடிய வாயில்கள் பெருகும். சோடியம் உள்ளே வரும், பின்னால் தண்ணீரும் வரும். அதற்கு ஈடாகப் பொட்டாசியம் சிறுநீரில் வெளியேறும்.
6. ரத்தத்தின் கன அளவு சரியானதும் ரெனின் இறங்கும்.

இந்தக் கட்டுரையில் வரும் உயர் அழுத்த நோய்களில் பெரும்பாலானவை 3 முதல் 5 வரையிலான படிகளில் நடக்கும் குளறுபடிகள். அவை பொதுவாக விட்டுச்செல்லும் தடயமும் ஒன்றே: அழுத்தம் அதிகம், ரெனின் குறைவு, பல நேரங்களில் பொட்டாசியமும் குறைவு. ரெனின் இறங்கியிருக்கிறது என்றால், உடம்பில் தேவைக்கு மேல் உப்பு சேர்ந்திருக்கிறது என்று சிறுநீரகம் சொல்கிறது என்று பொருள்.

## உப்பு ஹார்மோனும் பாலின ஹார்மோனும் ஒரே தாய்ப்பொருளிலிருந்து

ஆல்டோஸ்டிரோன், கார்டிசோல், டெஸ்டோஸ்டிரோன், ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஆகிய அனைத்தும் கொலஸ்டிராலிலிருந்து உருவாகும் ஸ்டீராய்டுகள். கொலஸ்டிரால் முதலில் பிரெக்னனலோன் ஆகும், பிறகு புரோஜெஸ்டிரோன் ஆகும். அதன் பிறகு எந்த நொதி எந்தக் கார்பனில் ஆக்சிஜனைச் சேர்க்கிறது என்பதைப் பொறுத்துப் பாதைகள் பிரிகின்றன. 17-ஆம் கார்பனில் சேர்த்தால் கார்டிசோலுக்கும் பால் ஹார்மோன்களுக்குமான (ஆண், பெண் பாலின ஹார்மோன்கள்) பாதை. 21-ஆம் கார்பனில் சேர்த்தால் டிஆக்சிகார்டிகோஸ்டிரோன் கிடைக்கும். அது தானே உப்பைப் பிடித்துவைக்கும் ஹார்மோன். ஆல்டோஸ்டிரோனும் அதிலிருந்துதான் உருவாகிறது.

இங்கே ஒரு விவரத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். புரோஜெஸ்டிரோனுக்கும் டிஆக்சிகார்டிகோஸ்டிரோனுக்கும் உள்ள வேறுபாடு 21-ஆம் கார்பனில் உள்ள ஒரே ஓர் ஆக்சிஜன் அணு. உப்பு ஏற்பி ‘இயங்கு’, ‘இயங்காதே’ என்று பிரித்தறிவது பெரும்பாலும் அந்த ஓர் அணுவை வைத்துத்தான்.

இயல்பான ஏற்பியில் புரோஜெஸ்டிரோனும் போய் இறுக்கமாக அமரும். ஆனால் அந்த ஆக்சிஜன் இல்லாததால் ஏற்பி சரியான வடிவத்துக்கு மடங்காது. இடத்தை அடைத்துக்கொண்டு சும்மா இருக்கும். அதாவது, இயல்பான மனிதரிடம் புரோஜெஸ்டிரோன் ஆல்டோஸ்டிரோனுக்குத் தடை. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் புரோஜெஸ்டிரோன், மாதவிடாய்ச் சுழற்சியின் முதல் பாதியில் இருக்கும் அளவைவிட நூறு மடங்குக்கு மேல் இருக்கும். அந்தத் தடையை மீறி உப்பைத் தக்கவைக்க உடம்பு ஆல்டோஸ்டிரோனைப் பல மடங்கு கூட்டுகிறது. கர்ப்பிணியின் ரத்தத்தில் ஆல்டோஸ்டிரோன் அதிகமாக இருந்தும் அழுத்தம் ஏறாமல் இருப்பதற்கு இது ஒரு காரணம். ரத்தக் குழாய்கள் தளர்வது இன்னொரு முக்கியக் காரணம்.

கார்டிசோலுக்கு வேறு கதை. அதில் அந்த ஆக்சிஜன் உண்டு. அதனால் உப்பு ஏற்பியை ஆல்டோஸ்டிரோன் அளவுக்கே அதனால் இயக்க முடியும். ரத்தத்தில் அதன் அளவோ ஆல்டோஸ்டிரோனைவிட நூறு முதல் ஆயிரம் மடங்கு அதிகம். சிறுநீரகச் செல்லில் உள்ள ஒரு நொதி கார்டிசோலைச் செயலற்ற கார்டிசோனாக மாற்றிவிடுவதால்தான் நாம் தப்பிக்கிறோம். அந்த நொதியின் மரபணு பழுதானாலும், அதிமதுரத்தை அளவுக்கு மீறி நெடுநாள் தின்று அந்த நொதி முடங்கினாலும் அழுத்தம் ஏறும், பொட்டாசியம் சரியும். கார்டிசோன் என்ற பெயரையும் நினைவில் வையுங்கள், மறுபடி வரும்.

## 810-ஆம் இடத்தில் ஒரு மாற்றம்

கெல்லரும் லிஃப்டனும் ஆராய்ந்தது 15 வயதுச் சிறுவன் ஒருவனிடம் தொடங்கியது. கடுமையான உயர் ரத்த அழுத்தம். ரெனின் குறைவு, ஆல்டோஸ்டிரோனும் குறைவு. ஆல்டோஸ்டிரோன் இல்லாமலே உப்பு ஏற்பி இயங்குகிறதோ என்ற சந்தேகத்தில் அந்த ஏற்பியின் மரபணுவைப் படித்தார்கள். 984 அமினோ அமிலங்கள் கொண்ட அந்தப் புரதத்தில் 810-ஆம் இடத்தில் செரின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டியது லியூசின் என்ற வேறொன்றாக மாறியிருந்தது. குடும்பத்தில் 23 உறவினர்களைச் சோதித்தார்கள். 11 பேருக்கு 20 வயதுக்கு முன்பே கடுமையான உயர் அழுத்தம் இருந்தது. மற்ற 12 பேருக்கு இல்லை. அழுத்தம் இருந்தவர்களும் மரபணு மாற்றம் இருந்தவர்களும் ஒருவரே.

ஆய்வகத்தில் இந்த மாறிய ஏற்பியைச் செல்களில் வைத்துச் சோதித்தபோது மூன்று விஷயங்கள் தெரிந்தன.

1. ஹார்மோன் எதுவும் சேர்க்காதபோதும் அது ஓரளவு இயங்கியது.
2. ஆல்டோஸ்டிரோனுக்கு வழக்கம்போல் பதில் தந்தது.
3. புரோஜெஸ்டிரோன் அதற்குத் தடையாக இல்லை. வலுவான தூண்டுகோலாக ஆகிவிட்டது.

மூன்றாவதுதான் இந்த ஆய்வின் உயிர். இயல்பான ஏற்பியில் 21-ஆம் கார்பனின் ஆக்சிஜன், உள்ளே இருக்கும் ஓர் அமினோ அமிலத்தோடு பிணைந்து ஏற்பியின் வடிவத்தை இறுக்கிப் பிடிக்கும். மாறிய ஏற்பியில் 810-ஆம் இடத்து லியூசின் தானாகவே பக்கத்துச் சுருளில் உள்ள 773-ஆம் அலனினோடு ஒட்டிக்கொள்கிறது. வடிவத்தைப் பிடித்து வைக்கும் வேலையை அது செய்துவிடுவதால் ஹார்மோனின் ஆக்சிஜனுக்கு வேலையே இல்லை. புரோஜெஸ்டிரோன் வந்து அமர்ந்தாலே போதும்.

விளைவை ஊகிப்பது கடினமல்ல. கர்ப்பத்தில் எந்த ஹார்மோன் நூறு மடங்கு ஏறுகிறதோ, அதுவே இந்தக் குடும்பத்துப் பெண்களுக்கு உப்பைப் பிடித்துவைக்கும் கட்டளையாகிவிடுகிறது. இந்த மாற்றம் இருந்த இரு பெண்களுக்கு நிகழ்ந்த ஐந்து கர்ப்பங்களிலும் அழுத்தம் மிக மோசமாக ஏறியது.

ஆண்களுக்கும் கர்ப்பமில்லாத பெண்களுக்கும் ஏன் அழுத்தம் ஏறுகிறது என்ற கேள்வி மிஞ்சியது. ஹார்மோன் இல்லாமலே ஏற்பி ஓரளவு இயங்குவது ஒரு விடை. பின்னர் வந்த ஆய்வு இன்னொரு விடை தந்தது: செயலற்றது என்று சிறுநீரகம் ஒதுக்கிவைக்கும் கார்டிசோனும் இந்த மாறிய ஏற்பியை இயக்கிவிடுகிறது. கார்டிசோலைக் கார்டிசோனாக மாற்றும் காவல் நொதியின் உழைப்பு அங்கே வீணாகிறது.

மருந்து விஷயத்தில் இது நேரடி ஆபத்து. ரெனின் குறைந்த உயர் அழுத்தத்துக்கு ஸ்பைரோனோலாக்டோன் வழக்கமான தேர்வு. அது உப்பு ஏற்பியில் அமர்ந்து ஆல்டோஸ்டிரோனைத் தடுக்கும். அதற்கும் 21-ஆம் கார்பனில் அந்த ஆக்சிஜன் கிடையாது. எனவே மாறிய ஏற்பியை அது தடுக்காமல் இயக்கிவிடும். மருந்து கொடுக்கக் கொடுக்க அழுத்தம் ஏறினால், நோயாளி மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று அவர்மேல் பழி போடும் முன் ஏற்பியைப் பற்றி யோசிக்க வேண்டும். ஸ்டீராய்டு அல்லாத ஃபினரினோன் இந்த மாறிய ஏற்பியையும் அடக்குகிறது என்று ஆய்வகச் சோதனை காட்டியிருக்கிறது. ஏற்பிக்கு அடுத்த படியான சோடிய வாயிலையே அடைக்கும் அமிலோரைடுக்கு, ஏற்பி எப்படி மாறியிருந்தாலும் கவலை இல்லை.

இந்த மாற்றம் மிக மிக அரிது. கர்ப்பத்தில் அழுத்தம் ஏறும் பெண்களில் பெரும்பான்மையோருக்கு இது காரணம் அல்ல. இதை அழுத்திச் சொல்லக் காரணம், இந்த ஆய்வைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர் இதைக் கர்ப்பகால அழுத்தத்தின் மரபணு என்று எழுதிவிடுகிறார்கள். அது தவறு. கர்ப்பத்தின் 20 வாரத்துக்குப் பின் அழுத்தம் 140/90-ஐத் தாண்டிச் சிறுநீரில் புரதமோ உறுப்புப் பாதிப்போ சேர்ந்துவரும் முன்சூல்வலிப்பு (ப்ரீ-எக்லாம்ப்சியா) நஞ்சுக்கொடியில் தொடங்கும் நோய். அங்கே சந்தேகத்துக்குரிய மரபணுக்களில் ஒன்று குழந்தையின் மரபுத்தொகுதியில் இருக்கிறது. ரத்தக் குழாய் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் எஃப்எல்டி1 மரபணு அது. 2017-இல் வெளியான பெரிய மரபணு ஒப்பீடு இதைக் காட்டியது. அங்கே உப்பு ஏற்பி முதல் குற்றவாளி அல்ல.

## எதிர்த்திசை: பருவமடையாமையும் உயர் அழுத்தமும்

உப்பு ஏற்பி சரியாக இருந்து, ஹார்மோன் தயாரிப்பில் ஒரு நொதி பழுதானாலும் அழுத்தமும் இனப்பெருக்கமும் சேர்ந்து பாதிக்கப்படும். இரண்டு நோய்களைப் பார்த்தால் போதும்.

முதலாவது 17-ஆல்ஃபா-ஹைட்ராக்சிலேஸ் குறைபாடு. 1966-இல் பிக்லியேரி குழு விவரித்தது. மரபணுவின் பெயர் சிஒய்பி17ஏ1. 17-ஆம் கார்பனில் ஆக்சிஜன் சேர்க்க முடியாததால் கார்டிசோலும் உருவாகாது, பால் ஹார்மோன்களும் உருவாகாது. கார்டிசோல் போதவில்லை என்று மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி, அட்ரினலைத் தூண்டும் ஹார்மோனான ஏசிடிஎச்-ஐக் கூட்டும். அட்ரினல் சுரப்பி முழு வேகத்தில் இயங்கும். திறந்திருக்கும் ஒரே பாதையில் டிஆக்சிகார்டிகோஸ்டிரோன் குவியும். முடிவில் அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். நோயாளி பெரும்பாலும் பருவ வயதில் வருவார்: மார்பக வளர்ச்சி இல்லை, மாதவிடாய் தொடங்கவில்லை, அந்தரங்க முடி இல்லை. எக்ஸ்ஒய் குரோமோசோம் உள்ளவரும் பெண் குழந்தையாகவே வளர்ந்திருப்பார், ஏனெனில் கருவில் டெஸ்டோஸ்டிரோன் உருவாகவே இல்லை. இப்படி வருபவருக்கு ரத்த அழுத்தம் பார்க்காமல் பால் ஹார்மோன்களை மட்டும் சோதித்து அனுப்புவது பெரிய இழப்பு. சிகிச்சையில் இரண்டு கை வேண்டும்: ஏசிடிஎச்-ஐ அடக்கக் குறைந்த அளவு குளுக்கோகார்டிகாய்டு (கார்டிசோல் போன்ற மருந்து), பருவ வளர்ச்சிக்குப் பால் ஹார்மோன்.

இதே நோயை மருந்தாலும் உருவாக்க முடியும். புராஸ்டேட் புற்றுநோய்க்குத் தரும் அபிராடெரோன் இதே நொதியை முடக்கி டெஸ்டோஸ்டிரோனை நிறுத்துகிறது. கூடவே கார்டிசோல் போன்ற மருந்தான பிரெட்னிசோன் தராவிட்டால் அழுத்தம் ஏறும், பொட்டாசியம் சரியும், கால் வீங்கும். மரபணு நோயில் நடப்பது வரிக்கு வரி அங்கே நடக்கிறது.

இரண்டாவது 11-பீட்டா-ஹைட்ராக்சிலேஸ் குறைபாடு. கார்டிசோல் பாதையின் கடைசிப் படி அடைபடுவதால் முன்னால் உள்ள பொருட்கள் தேங்கும். டிஆக்சிகார்டிகோஸ்டிரோன் தேங்கி அழுத்தத்தை ஏற்றும். மிச்சம் ஆண் ஹார்மோன் பாதைக்கு வழியும். எக்ஸ்எக்ஸ் குழந்தை ஆண்மைச் சாயலுடைய பிறப்புறுப்போடு பிறக்கலாம். ஆண் குழந்தைக்குப் பருவம் சீக்கிரம் வரும். நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் இருவருக்கு உயர் அழுத்தம் இருக்கும். முதல் நோயில் பால் ஹார்மோன் வறட்சி, இதில் ஆண் ஹார்மோன் வெள்ளம். அழுத்தம் ஏறும் வழி மட்டும் இரண்டிலும் ஒன்று.

அரிய நோய்களின் மரபணுக்கள் பொதுமக்களின் அழுத்தத்திலும் தலைகாட்டுகின்றன. 2009-இல் வெளியான பெரிய மரபணு ஒப்பீடுகளில், சிஒய்பி17ஏ1 இருக்கும் பகுதியில் உள்ள ஒரு சாதாரண வேறுபாடு ரத்த அழுத்தத்தோடு தொடர்புடையது என்று தெரிந்தது. ஆனால் அதன் தாக்கம் 1 மி.மீ. பாதரச அளவுதான். அந்தப் பகுதியில் வேறு மரபணுக்களும் நெருக்கமாக இருப்பதால், பொறுப்பு இந்த மரபணுவுடையதுதான் என்று அடித்துச் சொல்லிவிட முடியாது.

## கர்ப்ப ஹார்மோனைக் கேட்கும் கட்டி

மூன்றாவது வழி பெற்றோரிடமிருந்து மரபாக வருவதல்ல. அட்ரினலில் ஆல்டோஸ்டிரோன் சுரக்கும் சிறு கட்டி உருவாகி அழுத்தம் ஏறுவதை 1955-இல் ஜெரோம் கான் விவரித்தார். இத்தகைய கட்டி வைத்திருந்த மூன்று பெண்களை 2015-இல் மோரிஸ் பிரவுனின் குழு விவரித்தது. இருவருக்குக் கர்ப்பத்திலும் ஒருவருக்கு மாதவிடாய் நின்ற பின்பும் நோய் வெளிப்பட்டது. கட்டிகளில், செல் வளர்ச்சியில் பங்குள்ள பீட்டா-கேட்டனின் என்ற புரதத்தின் மரபணு மாறியிருந்தது. இயல்பில் சூலகத்திலும் விரையிலும் இருக்க வேண்டிய, பிட்யூட்டரியின் எல்எச் ஹார்மோனுக்கான ஏற்பி இந்தக் கட்டிகளில் நூறு மடங்குக்கு மேல் பெருகியிருந்தது. கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி சுரக்கும் எச்சிஜி ஹார்மோன் இதே ஏற்பியைத் தூண்டும். மாதவிடாய் நின்ற பின் எல்எச் தானே உயரும். நோய் ஏன் அந்தக் காலங்களில் தலைதூக்கியது என்பதற்கு அது விளக்கமாக அமைந்தது. 2021-இல் இன்னொரு மரபணு மாற்றமும் கூடச் சேர்ந்த கட்டிகள், பருவமடையும் வயது, கர்ப்பம், மாதவிடாய் நிற்றல் ஆகிய மூன்று காலங்களிலும் வெளிப்படுவதை அதே குழு காட்டியது.

## சோதனை: எதை, எப்போது, எப்படி

சந்தேகிக்க வேண்டியவை: 20 வயதுக்கு முன் உயர் அழுத்தம், பொட்டாசியம் குறைவு, குடும்பத்தில் இளவயதுப் பக்கவாதம், பருவமடைதலில் கோளாறு, கர்ப்பத்தின் முதல் பாதியிலேயே அழுத்தம் ஏறுதல். முதல் சோதனை ரெனினும் ஆல்டோஸ்டிரோனும். இரண்டையும் ஒரே ரத்த மாதிரியில் பார்க்க வேண்டும்.

1. ரெனின் குறைவு, ஆல்டோஸ்டிரோன் அதிகம்: கான் விவரித்த கட்டி, அல்லது இரு அட்ரினல்களும் மிகையாகச் சுரத்தல், அல்லது ஏசிடிஎச் சொல்படி ஆல்டோஸ்டிரோன் சுரக்க வைக்கும் இணைந்த மரபணு. கடைசியதை லிஃப்டன் குழு 1992-இல் கண்டறிந்தது.
2. இரண்டும் குறைவு: ஏற்பி மாற்றம், மேலே சொன்ன நொதிக் குறைபாடுகள், கார்டிசோலைச் செயலிழக்க வைக்கும் நொதியின் பழுது, அதிமதுரம், சோடிய வாயிலே மாறிப்போன லிடில் நோய். அடுத்து டிஆக்சிகார்டிகோஸ்டிரோன், பால் ஹார்மோன்கள், சிறுநீரில் கார்டிசோல்-கார்டிசோன் விகிதம் ஆகியவற்றைப் பார்த்தால் பட்டியல் சுருங்கும்.
3. ரெனின் அதிகம்: இந்தக் கட்டுரையின் நோய்கள் அநேகமாக இல்லை. சிறுநீரகத் தமனி அடைப்பு போன்றவற்றைத் தேட வேண்டும்.

தவறு நேர்வது பெரும்பாலும் மாதிரி எடுப்பதில். பொட்டாசியம் குறைந்திருந்தால் ஆல்டோஸ்டிரோன் பொய்யாகக் குறையும், எனவே முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். சோதனைக்கு முன் உப்பைக் குறைக்கக் கூடாது. எழுந்து இரண்டு மணி நேரம் நடமாடி, பிறகு 5 முதல் 15 நிமிடம் உட்கார்ந்திருந்து, காலையில் ரத்தம் கொடுப்பது வழக்கம். ரத்தம் எடுக்கப் பட்டை கட்டிய கையை மூடி மூடித் திறந்தால் பொட்டாசியம் பொய்யாக ஏறும். ரெனின் மாதிரியைப் பனிக்கட்டியில் வைத்தால் செயலற்ற ரெனின் செயல்படத் தொடங்கி முடிவு கெடும்.

மருந்துகளும் குழப்பும். பீட்டா தடுப்பிகள் ரெனினைக் குறைக்கும். சிறுநீர் பெருக்கிகளும் ஆஞ்சியோடென்சின் தடுப்பு மருந்துகளும் கூட்டும். அவற்றைச் சாப்பிட்டும் ரெனின் குறைவாகவே இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. ஸ்பைரோனோலாக்டோனை வழக்கமாக நான்கு வாரம் முன்பே நிறுத்துவார்கள், ஆனால் மருத்துவரின் மேற்பார்வையில் மட்டும். கடும் அழுத்தம் உள்ளவர் தானாக மாத்திரையை நிறுத்துவது சோதனையைத் தவறவிடுவதைவிட ஆபத்து.

பெண்களுக்கு இன்னும் சில கவனங்கள், இவை பல இடங்களில் விடுபட்டுப்போகின்றன. ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை கல்லீரலில் ஆஞ்சியோடென்சினோஜனைக் கூட்டும். சிலருக்கு அழுத்தம் ஏறுவது அதனால்தான். அதே காரணத்தால் ரெனினின் அளவை நேரடியாக அளக்கும் சோதனையில் எண் குறைந்து, இல்லாத நோய் இருப்பதாகத் தோன்றலாம். மாதவிடாய்ச் சுழற்சியின் பின்பாதியில் புரோஜெஸ்டிரோன் ஏற்பியைத் தடுப்பதால் ஆல்டோஸ்டிரோன் ஏறும். அப்போது எடுத்த மாதிரியும் ஏமாற்றலாம். சில கருத்தடை மாத்திரைகளில் உள்ள ட்ரோஸ்பிரினோன் என்ற செயற்கைப் புரோஜெஸ்டோஜன் (புரோஜெஸ்டிரோன் போன்ற பொருள்) ஸ்பைரோனோலாக்டோனின் உறவு. உப்பு ஏற்பியைத் தடுக்கும், பொட்டாசியத்தைக் கூட்டும். கர்ப்பத்தில் ரெனினும் ஆல்டோஸ்டிரோனும் இயல்பாகவே உயர்வதால், கர்ப்பமில்லாதவர்களுக்கான எல்லை எண்களை அங்கே பொருத்தக் கூடாது. ஆனால் கர்ப்பத்திலும் ரெனின் அடங்கியே கிடந்தால் அதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

## மரபணு அறிக்கையைப் படிக்கும்போது

உப்பு ஏற்பியின் மரபணு என்ஆர்3சி2. அறிக்கையில் அந்தப் பெயரின் பக்கத்தில் ‘மாற்றம் உள்ளது’ என்று இருந்தால் அது 810-ஆம் இடத்து மாற்றம் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. இதே மரபணுவில் ஏற்பியைச் செயலிழக்கச் செய்யும் மாற்றங்களும் உண்டு. அவை நேர் எதிரான நோயைத் தரும்: பிறந்த குழந்தை உப்பை இழக்கும், எடை கூடாது, பொட்டாசியம் உயரும், ஆல்டோஸ்டிரோனும் உயரும். வளர வளரப் பலருக்கு அது மட்டுப்படும். இதையும் லிஃப்டன் குழுவே 1998-இல் காட்டியது. ஒரே மரபணு, ஒரு மாற்றம் உப்பைப் பிடிக்கிறது, மற்றொன்று உப்பை விடுகிறது. ஆகவே எந்த அமினோ அமிலம், எந்த இடத்தில் மாறியது, நோயாளியின் ரெனினும் ஆல்டோஸ்டிரோனும் பொட்டாசியமும் அதோடு பொருந்துகின்றனவா என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை வேண்டும். 810-ஆம் இடத்து மாற்றம் ஓங்கு முறையில் கடத்தப்படுவது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் வாய்ப்பு சரிபாதி. உறுதியானால், குடும்பத்துப் பெண்களை அவர்கள் கருத்தரிக்கும் முன்பே சோதிக்க வேண்டும். ஸ்பைரோனோலாக்டோன் தரக் கூடாது என்பதை அவர்கள் ஒவ்வொருவரின் மருத்துவக் கோப்பிலும் முதல் பக்கத்திலேயே எழுதி வைக்க வேண்டும்.